ஒதுங்க இடம்

பதினொரு நாளாகத் தச்சருக்குப் பதிலாக எடை மிஷினில் ஏறி நின்றது ஒரு மரப்பெட்டி.

பழைய அலமாரிப் பலகையில் அவரே செய்த பெட்டி அது. பட்டறையில் கிடந்த கட்டைத் துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி அதில் அடுக்கினார். காய்ந்த கட்டைகள் கனம் காணவில்லை. அந்த வாரம் வந்து இறங்கியிருந்த பச்சை மரத்தில் நாலைந்து துண்டு அறுத்துப் போட்டார். அவருடைய வழக்கமான எடையான அறுபத்தெட்டு கிலோ முந்நூறு கிராம் வந்ததும் மூடி போட்டு ஆணி அடித்தார். தினமும் அதைத் தூக்கி வைக்கிற தெம்பு உடம்பில் இல்லை. அதனால் அடியில் ஒரு நெம்புகட்டை பொருத்தினார். காலையில் மனைவி ரொட்டித் தொழிற்சாலைக்குக் கிளம்பிப் போன பிறகு பட்டறைக்குள் வந்து அதை ஒரு மிதி மிதித்தால் பெட்டி அரை விரல் உயரம் எழும்பும். விட்டால் மிஷின் மேல் உட்காரும். மிஷின் 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, வந்த எண்ணைத் தானாகவே கிளினிக்குக்கு அனுப்பிவிடும். திருட்டுத்தனத்துக்குச் செய்த சாமான்தான். ஆனாலும் மூலை இணைப்பில் ஒரு தலைமுடி நுழைய இடமில்லை. அந்த மட்டில் அவருக்கு அதன் மேல் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கட்டட வேலைக்காரர்கள் அவரை 'ஒருநூல்' என்பார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். யாராவது கதவு நிலையை நிறுத்திவிட்டு, சரியா இருக்கா என்று கேட்டால், ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஒரு நூல் உள்ள போகணும்" என்பார். மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். முப்பது வருஷமாக அளவில் பொய் சொல்லாத ஆள். அந்த ஆள்தான் இப்போது தன் உடம்பின் அளவில் தினம் ஒரு பொய் அனுப்பிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் மழை முடிந்த சமயம், நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மரத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மூக்கில் துணி கட்டிக்கொண்டார். காலிரண்டும் வீங்கிப் படுக்க முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயம் பெருத்திருக்கிறது, ரத்தத்தை அடித்துத் தள்ளுகிற வலு குறைந்துவிட்டது, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்றார் டாக்டர். ஒன்பது நாள் படுக்கை. திரும்பும்போது நாலு வகை மாத்திரை, தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்ற கட்டளை, ஒரு எடை மிஷின், பிரஷர் பார்க்கிற பட்டை, கூடவே செல்போனில் அவர் பேருக்கு ஒரு பக்கம்.

பக்கம் என்றுதான் எல்லோரும் அதைச் சொன்னார்கள். தச்சரின் எடையும் பிரஷரும் தினமும் அதில் ஏறும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அங்கிருந்து பார்ப்பார். தெருமுனைக் கிளினிக் நர்ஸ் இங்கிருந்து பார்ப்பாள். மாத்திரை கொடுக்கும் மருந்துக்கடை அம்மா, எது எப்போது வாங்கினார் என்று குறித்துவைப்பாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகளும் திறந்து பார்க்கலாம். மனைவியும் எழுதலாம். ஆனால் அவள் அதைத் தொட்டதே இல்லை. படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் தனக்கென்ன வேலை என்று விட்டுவிட்டாள்.

"எடை கூடுச்சுன்னா தண்ணி சேருதுன்னு அர்த்தம் அண்ணே. நீங்க மூச்சு வாங்குறதுக்கு நாலு நாள் முன்னாடியே மிஷினுக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லித்தான் நர்ஸ் அதைக் கையில் கொடுத்தாள். பத்து மாசம் ஒழுங்காகத்தான் போனது. தச்சர் மறுபடி உளி பிடித்தார். ஒரு நாற்காலி, இரண்டு ஜன்னல் என்று ஆரம்பித்துப் பெரிய வேலைக்கே வந்துவிட்டார்.

அந்தப் பெரிய வேலையில்தான் வினை வந்தது. நாலு மாடிக் கட்டடம். நடுவில் வளைந்து வளைந்து ஏறும் படிக்கட்டு. அதற்குக் கீழிருந்து மேல் வரை ஒரே ஓட்டமாக மரக் கைப்பிடி. எங்கே ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்குகிறது என்று தடவிப் பார்த்தாலும் தெரியக் கூடாது. இந்த மாதிரி வேலை தச்சருக்கு இருபது வருஷத்துக்கு ஒரு முறை வாய்க்கும். அவர் அதற்காகக் கனவில்கூட இழைத்துக்கொண்டிருந்தார்.

கட்டடத்தில் எல்லாம் இருந்தது, கழிப்பறையைத் தவிர. குழாய் இணைப்பு இன்னும் வரவில்லை. வேலைக்காரர்கள் இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டண இடத்துக்குப் போய்வருவார்கள். தச்சர் காலையில் போடுகிற நாலு மாத்திரையில் ஒன்று நீர் மாத்திரை. போட்ட அரைமணி நேரத்தில் வேலையைக் காட்டும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு ஆளை உட்கார விடாது. மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி, இரண்டு தெரு நடந்து, திரும்பி ஏறி மூச்சை நிதானப்படுத்திக்கொள்வதற்குள் மறுபடி முட்டும். 'ஒருநூல் அண்ணன் தெருவை அளக்கப் போயிட்டார்' என்று பெயிண்ட் அடிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒரு நாள் முற்பகலில், கைப்பிடி வளைவுக்குப் பசை போட்டு இறுக்கிப் பிடித்திருந்த நேரம். கையை எடுத்தால் இணைப்பு பிசகிவிடும். பசை பிடிக்கட்டும், பிடிக்கட்டும் என்று நின்றார். பிடித்தது. படி இறங்கினார். முதல் மாடியைத் தாண்டவில்லை.

யாரும் பார்க்கவில்லை. பேண்ட் மேல் வேண்டுமென்றே ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு, வாளி தட்டிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார். ஐம்பத்துநாலு வயது ஆள் பட்டறைக்குள் உட்கார்ந்து வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நீர் மாத்திரையை மட்டும் போடவில்லை. நாள் முழுக்க நிம்மதியாக வேலை நடந்தது. அடுத்த நாளும் போடவில்லை. நாலாம் நாள் எடை ஒரு கிலோ கூடியது. நர்ஸ் போன் செய்து, மாத்திரை எல்லாம் சரியாகப் போகிறதா, உப்பு ஏதாவது கூடுதலா என்று விசாரித்தாள். நேற்று கொஞ்சம் ஊறுகாய் தொட்டுக்கொண்டேன் என்று ஒரு பொய்யைப் போட்டார். போனை வைத்ததும் அவருக்குப் பயம் வந்தது. இன்னும் ஒரு கிலோ கூடினால் படுக்கையில் போட்டுவிடுவார்கள். கைப்பிடி இரண்டாவது மாடியோடு நிற்கும். வேறு ஒருத்தன் வந்து மிச்சத்தை ஒட்டவைப்பான். கைப்பிடி முடிய இன்னும் இருபது நாள். அதுவரை மிஷின் வாயை அடைத்துவிட்டால் போதும். அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பெட்டி.

மிஷினை அடைத்துவிட்டார். உடம்பை அடைக்க முடியவில்லை. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. படியில் பாதி ஏறி, அளவு பார்ப்பதுபோல் டேப்பை நீட்டிக்கொண்டு நின்று மூச்சை மீட்டார். மனைவி என்ன என்று கேட்டால் புழுக்கம் என்றார். அந்த நாட்களில் நிஜமாகவே புழுக்கம்தான். மழை வரப்போகிறது என்று போக்குக் காட்டிவிட்டு மேகம் மேலேயே நின்றது. இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை நெம்புகட்டையை மிதித்துக்கொண்டிருந்தபோது பட்டறை வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. நர்ஸ் இறங்கினாள். அவளுக்குப் பின்னால், தொழிற்சாலைக்குப் போயிருக்க வேண்டிய மனைவி இறங்கினாள்.

தச்சருக்குக் காலை எடுக்கத் தோன்றவில்லை. பெட்டி எழும்பியபடியே நின்றது. நர்ஸ் பெட்டியைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். நெம்புகட்டை எங்கிருந்து எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இதை விட்டுட்டு இறங்குங்க அண்ணே, கால் வலிக்கும்" என்றாள் கடைசியில்.

கண்டுபிடித்த கதையை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். மனுஷ உடம்பு என்றால் ஒரு நாள் இருநூறு கிராம் ஏறும், மறுநாள் நூறு இறங்கும். தச்சர் உடம்போ பதினொரு நாளாக, நாளுக்கு நூறு கிராம் என்று அச்சுப் பிசகாமல் இறங்கிக்கொண்டே வந்ததாம். மிஷின் பழுதோ என்றுதான் அவளுக்கு முதலில் சந்தேகம். பக்கத்தைத் திறந்தால் மருந்துக்கடை அம்மா ஒரு வரி எழுதியிருந்தாள்: மூன்று வகை மாத்திரை வாங்கினார், நீர் மாத்திரை மட்டும் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார், கணக்குப்படி தீர்ந்திருக்க வேண்டும். முந்தின நாளே நர்ஸ் மனைவிக்குப் போன் போட்டாள். மனைவி சொன்னதைக் கேட்டு, அதை அப்படியே பக்கத்தில் எழுதுங்க அக்கா என்றாள். ரொட்டி அடுக்குகிற இடைவேளையில் நின்றுகொண்டே மனைவி வாழ்க்கையில் முதல் தடவையாக அதில் எழுதினாள்: 'செருப்பு வாரை ரெண்டு ஓட்டை தளர்த்தி போட்டிருக்கார். தலகாணி மூணு. கேட்டா புழுக்கம்னு சொல்றார்.'

"நாள் தவறாம நூறு கிராம் எப்படி இறங்குது?" என்று நர்ஸ் கேட்டாள்.

தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "பச்சை மரம். காயுது" என்றார். அளவெல்லாம் பார்த்தவர் அதை மறந்துவிட்டாரே என்று அந்த நிலையிலும் அவருக்குத் தன் மேல் எரிச்சலாக இருந்தது.

பெட்டியை மூன்று பேருமாக நகர்த்திவிட்டு, அவரை ஏறச் சொன்னார்கள். எழுபத்துமூன்று கிலோ நூறு. மனைவி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இழைப்பு மேசை மேல் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் தச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நர்ஸ் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். விரல் எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. முதுகில் குழாய் வைத்துக் கேட்டாள். பிறகு செல்போனை இழைப்பு மேசை மேல் ஒரு கட்டையில் சாய்த்துவைத்து டாக்டரைக் கூப்பிட்டாள். திரையின் ஒரு பாதியில் டாக்டர் வந்தார், மறு பாதியில் மருந்துக்கடை அம்மா, பின்னால் மருந்துப் பெட்டிகளோடு.

டாக்டர் கோபமாகத்தான் ஆரம்பித்தார். பெட்டி வைத்தது பெரிய விஷயமில்லை, இன்னும் மூன்று நாள் போயிருந்தால் வேறு பெட்டி தேவைப்பட்டிருக்கும் என்றார். சொன்ன பிறகு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்கச் சொல்லிவிடலாம் என்று அவர் தொடங்கியபோது நர்ஸ் குறுக்கிட்டாள். ஊசி போட்டுத் தண்ணீரை இறக்குவதைக் கிளினிக்கிலேயே செய்யலாம், மூச்சும் பிரஷரும் அதற்கு இடம் கொடுக்கிற அளவில்தான் இருக்கிறது, தான் தினம் இரண்டு வேளை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். டாக்டர் யோசித்துச் சரி என்றார்.

"அது இருக்கட்டும். ஏன் அண்ணே மாத்திரையை நிறுத்தினீங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

தச்சர் உளியை எடுத்து அதன் முனையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தார். கீழே வைத்தார். மறதி என்று சொல்லிவிட வாய்வரை வந்தது. இழைப்பு மேசை மேலிருந்து மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அங்க ஒதுங்க இடம் இல்லைங்க" என்றார். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மூன்று மாடி, இரண்டு தெரு, பெயிண்ட்காரர்களின் கிண்டல், பசை போட்ட வளைவு, கடைசியில் அந்த வாளித் தண்ணீர் வரை சொல்லிவிட்டார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரையில் டாக்டர் முகம் இன்னும் கிட்டே வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது.

"நீங்க கேக்கலையேங்க. அந்தப் பக்கத்துல எல்லாக் கேள்வியும் இருக்கு. பீடி உண்டா, உப்பு எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூக்கம், எல்லாம் இருக்கு. இது இல்லை. இதை நானா எப்படி எடுத்துச் சொல்றது?"

மனைவி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அன்னைக்கு நனைஞ்ச பேண்ட்டைத் துவைச்சது நான்தானே, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் என்றாள் மெல்ல. பிறகு செல்போனைப் பார்த்து, "இந்த மாத்திரையைக் காலையிலதான் போடணுமா? வேலை முடிஞ்சு வந்து போட்டா ஆகாதா?" என்று கேட்டாள்.

டாக்டரும் மருந்துக்கடை அம்மாவும் ஒரே நேரத்தில், ஆகும் என்றார்கள். ராத்திரித் தூக்கம் கெடாத அளவுக்கு, நாலு மணிக்குள் போட்டுவிட்டால் போதும். தச்சர் மூன்றரைக்கெல்லாம் வீடு திரும்பிவிடுகிறவர். தீர்வு அவ்வளவுதான். காலை என்று எழுதிய இடத்தில் மாலை என்று எழுத வேண்டும். அதற்காகவா ஐந்து கிலோ தண்ணீரைச் சுமந்தோம் என்று தச்சருக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மருந்துக்கடை அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதே நீர் மாத்திரையை மட்டும் வாங்காம விடுறவங்க என்கிட்ட இன்னும் ஆறு பேர் இருக்காங்க டாக்டர். ஒருத்தர் லாரி ஓட்டுறார், ஒருத்தர் காவல் வேலை. அலட்சியம்னு நினைச்சு நான் ஒவ்வொருத்தரையும் திட்டிட்டு இருந்தேன்" என்றாள்.

அன்றே ஆறு பேருக்கும் நர்ஸ் போன் செய்தாள். நாலு பேர் சொன்னது தச்சர் கதைதான், இடம் மட்டும் வேறு.

தச்சர் ஐந்து நாள் கிளினிக் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டார். நாலரை கிலோ இறங்கியது. செருப்பு வார் பழைய ஓட்டைக்குப் போனது. மழையும் வந்து ஒரு வழியாகப் புழுக்கத்தைக் கழுவிவிட்டது. மகள் போனில் ஒருபாட்டம் அழுது, ஒருபாட்டம் திட்டி, அந்தப் பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லித் தன் அலுவலகம் முழுக்கக் காட்டினாள். கைப்பிடி எங்கும் போய்விடவில்லை. கட்டட மேற்பார்வையாளர், வேறு ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன், உடம்பைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். தச்சர் இந்த அவகாசத்தைக் கேட்கப் பயந்துதான் இத்தனை நாடகமும் ஆடியிருந்தார். இரண்டாவது வாரம் போய் ஒவ்வொரு படியாக நிதானமாக மேலே ஏறினார். நாலாவது மாடியில் கடைசித் துண்டைப் பொருத்திக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். எங்கே இணைந்தது என்று அவர் விரலுக்கே தெரியவில்லை.

அடுத்த மாசம் கிளினிக்கில் ஒரு கூட்டம் என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் புதுக் கேள்வி ஒன்று சேர்க்கப் போகிறார்கள். டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை அம்மா, பக்கத்தை உருவாக்கும் கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டரோடு ஒரு பெண், தச்சர், தச்சர் மனைவி. கம்ப்யூட்டர் பெண் எழுதி வந்ததை வாசித்தாள்: 'பணியிடத்தில் கழிப்பறை வசதி கிடைக்கப்பெறும் தன்மை குறித்த தகவல்.'

தச்சர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். இதற்கு யாரும் பதில் போட மாட்டார்கள் என்றார். ஏன் என்று அவள் கேட்டாள். இதைப் படித்தால் சர்க்கார் கேட்கிற மாதிரி இருக்கிறது, ஆமாம் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற மாதிரி இருந்தால்தான் வாயைத் திறப்பார்கள் என்று விளக்கினார். ஒரு மணி நேரம் அந்த ஒரு வரியை இழைத்தார்கள். தன்மை போனது, வசதி போனது, தகவல் போனது. மனைவி ஒரு வார்த்தை சேர்த்தாள். கடைசியில் நின்றது இது: 'வேலைக்குப் போற இடத்துல அவசரத்துக்கு ஒதுங்க இடம் இருக்கா? இல்லைன்னா சொல்லுங்க, மாத்திரை நேரத்தை மாத்திக்கலாம்.' 'சொல்லுங்க'தான் மனைவி சேர்த்தது.

கம்ப்யூட்டர் பெண் அதைத் தட்டிவிட்டு, இந்த ஊர் மட்டுமில்லை, இந்தப் பக்கத்தைப் பயன்படுத்துகிற எல்லாக் கிளினிக்குக்கும் நாளை முதல் இது போய்விடும் என்றாள். தச்சருக்கு அது சரியாகப் புரியவில்லை. எத்தனை கிளினிக் என்று கேட்டார். அவள் சொன்ன எண்ணைக் கேட்டு மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

அது நடந்து அரை வருஷத்துக்குப் பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் வருஷப் பரிசோதனைக்குக் காத்திருந்தார் தச்சர். பக்கத்து நாற்காலியில் பஸ் ஓட்டுகிற அம்மா ஒருத்தி, சீருடையோடு. தச்சரைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவளாகவே ஆரம்பித்தாள். ரொம்ப தூரத்து ஊரிலிருந்து வந்திருந்தாள். மூன்று வருஷமாகத் தானும் நீர் மாத்திரைக்காரிதான் என்றாள். ஒரு நடைக்கு மூன்று மணி நேரம். நடுவில் நிறுத்த முடியாது. ஆம்பளை டிரைவராவது எங்காவது மறைவில் நின்றுகொள்வான். அதனால் வேலை நாளில் மாத்திரையைத் தொட்டதே இல்லையாம். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருக்கிறாள். டாக்டர் கேட்டால், போடுகிறேன் என்றே சொல்லிவந்தாளாம்.

"அஞ்சாறு மாசம் முன்னாடி போன்ல ஒரு கேள்வி வந்துது அண்ணே. அவசரத்துக்கு ஒதுங்க இடம் இருக்கான்னு. படிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. மூணு வருஷத்துல ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை. இப்ப நேரம் மாத்திக் குடுத்துட்டாங்க. நிம்மதியா இருக்கேன்."

தச்சருக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. இது மூச்சுத் திணறல் இல்லை என்று மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கேள்வி நல்லாத்தான் இருக்கு என்றார்.

"படிச்சவங்க எழுதினது இல்லை அண்ணே அது. நம்மளை மாதிரி பட்டவங்க யாரோ எழுதினது. அந்த ஆளை மட்டும் பார்த்தேன்னா, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் முதல்ல ஒரு டீ வாங்கிக் குடுப்பேன்."

தச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"அரை டீ போதும்மா" என்றார். "எனக்கும் தண்ணி அளவுதான்."